ஓய்வூதியமும் துணைவரின் உரிமையும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் உள்ள நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் மில்லுக்குப் போவார். ஒருவர் தறியில் அமர்வார். மற்றொருவர் நிலத்தைப் பார்ப்பார். முதுமையில் வரும் ஓய்வூதியத்தைப் பற்றி இவர்கள் அனைவரும் பேசுவதுண்டு. ஓய்வூதியதாரர் காலமானபின் அவருடைய மனைவிக்கு என்ன கிடைக்கும் என்ற பேச்சை மட்டும் அமங்கலம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் நஷ்டம் அடைபவர் பின்னர் வாழ்பவரே. ஆகவே அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் மில் தொழிலாளர் நிலையைப் பார்ப்போம். இராஜபாளையத்தில் திரு. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-ல் மில் நிறுவிய காலத்தில் தொழிலாளியின் விதவைக்குச் சட்டப்படியான ஓய்வூதியம் கிடையாது. சேமநிதித் தொழிலாளர்களுக்குக் குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1971-ல்தான் வந்தது. 1995 நவம்பர் முதல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

இத்திட்டத்தில் பத்தாண்டு சேவை முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. சராசரி ஊதியத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். கணக்கிடும் ஊதியம் ரூ. 15,000, சேவை 14 ஆண்டு என்றால் மாதம் ரூ. 3,000 வரும். அவர் காலமானால் மனைவிக்குப் பாதியாகிய ரூ. 1,500 வாழ்நாள் வரை கிடைக்கும்; மறுமணம் செய்தால் நின்றுவிடும். விதவை ஓய்வூதியம் ரூ. 1,000-க்குக் குறையலாகாது என்பது 2014 முதல் உள்ள விதி. மில்லில் உழைத்தவர் மனைவியாயின் கணவருக்கும் இதே உரிமை உண்டு. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் பத்தாண்டுக் கணக்குத் தேவையில்லை. ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு மில்லை விட்டு மற்றொன்றுக்குச் செல்வோர் கைச்செலவுக்காக ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். எடுத்த சேவைக்குரிய உரிமை அத்துடன் தீர்ந்தது. மனைவியின் பங்கும் போயிற்று. பணத்தை எடுக்காமல் பழைய சேவையைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்வதே நன்று.

அடுத்து விவசாயிகள். இரண்டு ஹெக்டேர் வரை நிலமுடைய, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட விவசாயிகளுக்காக 2019-ல் பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டம் ஏற்பட்டது. சேரும் வயதுக்கேற்ப மாதம் ரூ. 55 முதல் ரூ. 200 வரை கட்ட வேண்டும். மத்திய அரசும் அதே தொகையைச் சேர்க்கும். 60 வயதில் மாதம் ரூ. 3,000, அவருக்குப் பின் துணைவருக்கு ரூ. 1,500. 60-க்கு முன் சந்தாதாரர் இறந்தால் துணைவர் சந்தாவைத் தொடர்ந்து கட்டலாம்.

நெசவாளர் உட்பட, வங்கிக் கணக்கு உள்ள, வருமான வரி செலுத்தாத, 18 முதல் 40 வயதினர் அனைவருக்கும் 2015-ல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம் பொருந்தும். இதில் ஒரு சிறப்பு உண்டு. சந்தாதாரர் பெற்ற ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரையான ஓய்வூதியம் குறையாமல் முழுமையாகவே துணைவருக்குத் தொடரும். இருவரும் மறைந்தபின் சேர்ந்த நிதி வாரிசுதாரராகக் குறிக்கப்பட்டவரைச் சேரும். கணவன், மனைவி இருவரும் தனித்தனியே சேரலாம்.

இத்தனை உரிமைகளும் சொற்ப ஏட்டுப் பிழைகளால் தடைப்படக்கூடும். சேமநிதிக் கணக்கில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருந்தால் விதவை அலைய நேரிடும். திருமணத்துக்கு முன் தாயின் பெயரைக் குறித்தவர்கள் பின்னர் மாற்ற மறந்துவிடுகிறார்கள். மனைவிக்குத் தனி வங்கிக் கணக்கும் வேண்டும். ஓய்வூதியம் தொடங்கிய பின்னும் ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று அளித்து வர வேண்டும்.

ஆகவே அங்கத்தினர்கள் இம்மாதமே தம் ஏடுகளை எடுத்து, துணைவரின் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை மனைவியுடன் அமர்ந்து சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கணவர் உயிருடன் இருக்கையில் ஒரு கையெழுத்தில் முடியும் காரியம், பின்னர் பல மாத அலைச்சலாக முடியலாம்.