தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலரும் நம்புகின்றனர். பொது அறிவு வினா விடைகளில்கூட இது இடம்பிடித்துவிட்டது. ஆனால் இது உண்மையன்று. காலையில் மேற்கிலும் மாலையில் கிழக்கிலும் நிழல் பிராகாரத் தரையில் நீண்டு கிடப்பதை எவரும் காணலாம்.

குழப்பம் எழுவது நண்பகலில்தான். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அடிப்பகுதியின் ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர். மேலே செல்லச் செல்லக் குறுகிவிடும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருப்பதால் ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களில் சில நாள்கள் உச்சிவேளையில் சூரியன் நேர் மேலே நிற்கும். அப்போது உச்சியின் நிழல் விமானத்தின் மீதே விழுந்து அடங்கிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அதே உச்சிவேளையில் நிழல் வடபுறத் தரையில் 20 மீட்டருக்கு மேல் நீளும். சித்திரையில் பார்த்தவர் சொன்னதை ஆண்டு முழுமைக்கும் உரியதாக்கிவிட்டார்கள் போலும்.

உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்பதும் இத்தகையதே. அது பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். அதன் மீதுள்ள செப்புக் கலசத்தை இராசராசன் தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாளில் அளித்தான் என்பது மட்டும் கதையன்று. கோயில் கல்வெட்டிலேயே உள்ளது.