பன்னிரண்டு மணி நேரம்: கேட்டது யார்?

2023 ஏப்ரல் 12 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் ஒரு சிறிய மசோதா தாக்கலானது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்றொரு பிரிவைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றைப் பிரிவின் வீச்சு பெரிது. வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம், வார விடுமுறை, இடைவேளை, ஓவர்டைம் சம்பளம் என்று பழைய சட்டம் போட்டுவைத்த வேலிகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்கு அளிக்க அது அரசுக்கு அதிகாரம் தந்தது. ஏப்ரல் 21 அன்று மசோதா நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. 24ஆம் தேதி அமைச்சர்கள் தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசினார்கள்; அன்றைக்கே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

தேதிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். மசோதாவை நிறைவேற்றிவிட்டு, அதன் பிறகு தொழிலாளர் தரப்பை அழைத்திருக்கிறார்கள். தொழில் துறையின் கோரிக்கையோ அதற்கு முன்பே அரசின் கைக்கு வந்துவிட்டது. நெகிழ்வான வேலைநேரம் கேட்டுத் தொழில் நிறுவனங்களிடமிருந்தும் அவற்றின் அமைப்புகளிடமிருந்தும் மனுக்கள் வந்ததாக மசோதாவின் நோக்கவுரையே சொன்னது. எந்த நிறுவனம், எந்த அமைப்பு, எப்போது கேட்டது என்பது அதில் இல்லை.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் 12 மணி நேரம் வேலை பார்த்தால் மூன்று நாள் ஓய்வு கிடைக்கும் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். பெருக்கிப் பார்த்தால் அது சரியாகவே இருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிற நேரம் ஷிஃப்டில் சேராது. 12 மணி நேர வேலையோடு அதையும் கூட்டினால் தூங்கி எழுவதற்கு மட்டும்தான் வீடு.

இரண்டு மாதங்களுக்கு முன்புதான் கர்நாடகமும் இதேபோல ஒரு திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. ஆப்பிளும், அதற்கு ஐபோன் தயாரித்துத் தரும் ஃபாக்ஸ்கானும் அதற்காக அரசிடம் வலியுறுத்தின என்று லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளேடு எழுதியது. நம் ஊர்ச் சட்டத்தை மாற்றச் சொன்னது யார் என்பதை நாம் வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இது புதிதும் அல்ல. 2012 டிசம்பரில் வால்மார்ட் விவகாரம் நாடாளுமன்றத்தை உலுக்கியது. 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலரை லாபிக்காகச் செலவிட்டதாகவும், இந்தியச் சந்தையில் நுழைவதும் அந்த லாபியில் அடக்கம் என்றும் அந்த நிறுவனம் அமெரிக்க செனட்டில் கணக்குக் காட்டியிருந்தது. அங்கே அப்படிக் கணக்குக் காட்டுவது சட்டப்படி கட்டாயம். இங்கே அப்படிச் சட்டமே கிடையாது. அதற்காக 2013இல் ஒடிசா எம்.பி. கலிகேஷ் நாராயண் சிங் தேவ் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

சரி, லாபிக்கு ஆகும் செலவு யாருடைய பணம்? கம்பெனி தன் பணத்தில் ஆள் வைத்துக் கோரிக்கை வைத்தால் அது அதன் உரிமை. இந்தியாவில் நிலைமை கொஞ்சம் பின்னிக் கிடக்கிறது. முதலீட்டாளர்களை வரவேற்று வழிகாட்டும் தேசிய அமைப்பான இன்வெஸ்ட் இந்தியாவை எடுத்துக்கொள்வோம். அதன் பங்குகளில் 51 சதவீதம் ஃபிக்கி, சி.ஐ.ஐ., நாஸ்காம் ஆகிய மூன்று தொழில் அமைப்புகளிடம் இருக்கிறது. மீதி 49 சதவீதம் மத்திய, மாநில அரசுகளுடையது. தொழிற்சாலைகளுக்கு என்ன சலுகை வேண்டும் என்று கேட்கிற அமைப்புகளும், சலுகை தருகிற அரசும் ஒரே நிறுவனத்தில் பங்காளிகள். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. முதலீடு வருவதற்கு இப்படியொரு அமைப்பு தேவை என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் தொழிலாளிக்கோ, நிலம் கொடுத்த கிராமத்துக்கோ அரசு இப்படிப் பங்கு போட்டு ஒரு மேசையை அமைத்துத் தந்ததில்லை.

அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு அரசையே நெருக்குவது உலகெங்கும் சர்ச்சைதான். அரசின் நிதியை வாங்கி, அடுத்த மானியத்துக்காக அதே நிதியைக் கொண்டு ஆள் பிடிக்கக் கூடாது என்று அமெரிக்கா 1989இலேயே பர்ட் திருத்தத்தின் மூலம் தடுத்தது. பிரிட்டனில் கதை வேறு விதமாகப் போனது. அரசு மானியம் பெறும் தொண்டு நிறுவனங்கள் அரசிடமே பிரச்சாரம் செய்கின்றன என்று பொருளாதார விவகார நிறுவனம் என்ற சிந்தனைக் குழு 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து 2016 பிப்ரவரியில், மானியப் பணத்தில் லாபி கூடாது என்ற நிபந்தனையை அரசு அறிவித்தது. ஏழைகளோடு வேலை செய்பவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்லவே வாய்ப்பூட்டா என்று எதிர்ப்பு கிளம்ப, அந்த ஆண்டு முடிவதற்குள் நிபந்தனை கைவிடப்பட்டது. இத்தனைக்கும் அந்தச் சிந்தனைக் குழு தன் நன்கொடையாளர் பட்டியலை வெளியிடுவதில்லை என்ற விமர்சனமும் உண்டு! வாயை அடைப்பதால் தீர்கிற பிரச்சினை அல்ல இது. பேசுவது யார், யார் பணத்தில் என்று தெரிய வேண்டும், எல்லாத் தரப்புக்கும் பேச இடம் வேண்டும்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2005 ஏப்ரலில் நோக்கியாவோடு தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. அரசு நிறுவனமான சிப்காட்டின் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலம், மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தரும் சலுகை எல்லாம் கிடைத்தன. 2006இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் நேரடியாக மட்டுமே சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். பிறகு வரி வழக்குகள் வந்தன. வருமான வரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. உள்நாட்டில் விற்ற போன்களை ஏற்றுமதிக் கணக்கில் காட்டியதாகச் சொல்லி மாநில அரசு 2,400 கோடி கேட்டது. இந்த வழக்குகளால், 2014இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை கைமாறவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. அதையே நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் அடுத்த மாதம் கதவடைத்தது. சலுகைகளை வரி வரியாகப் பேசி முடித்தவர்கள், கம்பெனி போய்விட்டால் இருபத்தைந்து வயதில் வேலையிழப்பவர்களுக்கு என்ன வழி என்று யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது விருப்ப ஓய்வுத் தொகை. வளாகத்துக்கு அடுத்த ஆள் சால்காம்ப் நிறுவனம் என்ற அறிவிப்பு வர 2019 ஆகிவிட்டது.

அடுத்த சுற்றில் ஐபோன் வந்தது. கைப்பேசி உற்பத்திக்காக 2020இல் மத்திய அரசு அறிவித்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் மதிப்பு 40,951 கோடி ரூபாய். விற்பனை உயர உயர அதில் 4 முதல் 6 சதவீதம் வரை அரசே தரும். உற்பத்தி எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு என்பதற்கெல்லாம் இலக்கு இருந்தது. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கானின் சுங்குவார்சத்திரம் ஆலைக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வந்து சேரும் ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் எங்கே படுப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அந்தக் காகிதங்களில் இடமில்லை. அது ஒப்பந்தக்காரர்களின் தலைவலியாக விடப்பட்டது.

பதில் 2021 டிசம்பரில் நெடுஞ்சாலைக்கே வந்தது. ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றில் கெட்டுப்போன சாப்பாட்டால் 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரே அறையில் நெருக்கியடித்துத் தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை என்று அங்கிருந்தவர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். தோழிகள் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, விடிய விடியச் சென்னை-பெங்களூரு சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஹாஸ்டல்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உற்பத்தி மீண்டும் தொடங்க ஜனவரி 12 ஆனது.

இதற்குப் பிறகுதான் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு எழுந்தது. கட்டியது சிப்காட், செலவு 706.50 கோடி ரூபாய். 2024 ஆகஸ்ட் 17 அன்று ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூ முன்னிலையில் முதலமைச்சர் திறந்துவைத்தார். நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆலை வரைபடத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய கட்டடம் இது.

அதற்கடுத்த மாதமே அதே வட்டாரத்தில் சாம்சங் ஆலை. 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. மூன்று அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். முதன்மைக் கோரிக்கை, சங்கத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது. சங்கத்தின் பெயரில் தன் பெயர் வரக்கூடாது என்றது நிறுவனம். தொழிலாளர் துறை முடிவெடுக்காமல் இழுக்க, ஆறு வாரத்தில் முடிவு சொல்லுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. சங்கம் 2025 ஜனவரி 27 அன்று பதிவானது.

அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பையும் ஒன்றாக உட்காரவைக்க நாட்டில் ஒரு மேசை இல்லாமல் இல்லை. 1942 முதல் நடந்துவந்த இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கென்றே ஏற்பட்டது. அதன் 46ஆவது கூட்டம் 2015 ஜூலையில் டெல்லியில் நடந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அது கூட்டப்படவே இல்லை. ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டதும், நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அந்த இடைவெளியில்தான்.