பதினைந்து வயதுக்கு ஏன் இடுப்பு வலிக்கிறது?

"இந்த வயசுல உனக்கென்ன இடுப்பு வலி?" பத்தாம் வகுப்புப் பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பல வீடுகளில் வருகிற முதல் பதில் இதுதான். கேட்கிறவர்களுக்குத் தெரிந்த இடுப்பு வலி நாற்பதைத் தாண்டி வருவது. மூட்டை தூக்கியவர்களுக்கும், குனிந்து நாற்று நட்டவர்களுக்கும், பிள்ளை பெற்றவர்களுக்கும் வருவது. அதனால் பிள்ளை சொல்வது ஒன்று சாக்காகப் படுகிறது, இல்லாவிட்டால் ஏதோ பெரிய நோயாகத் தெரிந்து வயிற்றைக் கலக்குகிறது. இரண்டுமே அவசரப்பட்ட முடிவுகள். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம்.

முதலில், இது அரிதான விஷயம் இல்லை. 1998இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில் 12 முதல் 41 வயது வரையுள்ள 29,424 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். பெண்களில் 18 வயதுக்குள்ளும் ஆண்களில் 20 வயதுக்குள்ளும் பாதிப் பேருக்கு மேல் ஒரு தடவையாவது இடுப்பு வலி வந்திருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சில நாளிலோ சில வாரத்திலோ தானாகவே அடங்கிவிடும். எலும்பிலோ நரம்பிலோ சுட்டிக்காட்டும்படியான கோளாறு இருக்காது. "ஒண்ணும் இல்லை" என்று சொல்லி அனுப்பும் டாக்டர், பயப்படும்படியான நோய் இல்லை என்றுதான் சொல்கிறார். பிள்ளை நடிக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

அப்படியானால் ஏன் வலிக்கிறது? முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்புகள். உடம்பின் மேல்பாதிப் பாரம் முழுவதும் அவற்றின்மேல்தான் இறங்குகிறது. பெண்பிள்ளைகள் 11, 12 வயதையொட்டியும் ஆண்பிள்ளைகள் 13, 14 வயதையொட்டியும் விறுவிறுவென்று வளர்கிறார்கள். அந்த உச்சத்தில் ஒரே ஆண்டில் 8, 9 சென்டிமீட்டர் கூடுவது சாதாரணம். தீபாவளிக்கு எடுத்த பேன்ட் ஆடி மாதத்துக்குள் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். ஆனால் எலும்பு நீளும் வேகத்துக்கு அதற்குள் கால்சியம் சேர்வதில்லை. உயரம் கூடும் வேகம் உச்சத்தைத் தொட்டு, ஏறத்தாழ அரையாண்டு முதல் ஓராண்டு கழிந்த பிறகுதான் எலும்பில் தாதுச்சத்து சேரும் வேகம் உச்சத்துக்கு வருகிறது. இடைப்பட்ட காலத்தில் எலும்பு நீண்டிருக்கிறது, இன்னும் முற்றவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து நாம் பிள்ளைகளை இரண்டில் ஒரு பக்கம் தள்ளுகிறோம். அசையாமல் உட்கார வைக்கிறோம், அல்லது ஒரே விளையாட்டை ஓயாமல் ஆட வைக்கிறோம்.

உட்காருகிற பிள்ளையை முதலில் எடுத்துக்கொள்வோம். விடியற்காலை டியூஷன், பகலெல்லாம் பள்ளி பெஞ்சு, சாயங்காலம் மறுபடி டியூஷன், ராத்திரி கட்டிலில் சாய்ந்தபடி செல்போன். நாம் என்ன செய்கிறோம்? "நிமிர்ந்து உட்காரு" என்று அதட்டுகிறோம். கூன் போட்டு உட்கார்ந்ததால்தான் வலி என்று எல்லோரும் நம்புகிறோம். ஆனால் இப்படி உட்கார்ந்தால் வலியே வராது என்று சொல்லும்படியான நிலை எதுவும் கிடையாது. நிமிர்ந்தே இருந்தாலும் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிற பிள்ளை, கூன் போட்டு உட்கார்ந்தாலும் பாதகமில்லை என்பேன்.

புத்தகப் பை மேலும் பழி விழுகிறது. 2018இல் மத்திய அரசு பை எடைக்கு வகுப்புவாரியாக வரம்பு வைத்தது, பத்தாம் வகுப்புக்கு 5 கிலோ. நல்ல விதிதான், தோளும் கழுத்தும் பிழைக்கும். ஆனால் அதே 2018இல் 69 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பிள்ளைகளின் முதுகு வலிக்குப் பைதான் காரணம் என்று நம்பும்படியான சான்று இல்லை என்றார்கள். பையைப் பாதியாக்கிவிட்டு, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை அப்படியே விட்டால் பெரிதாக எதுவும் மாறாது.

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. பொதுத்தேர்வு ஆண்டில் எந்த வீட்டில் அது நடக்கிறது? தூக்கம் குறைந்தால் அதே வலி கூடுதலாக உறைக்கும். மார்க் பற்றிய பயம், வகுப்பில் கேலி, வீட்டில் நடக்கிற சண்டை எல்லாமே வலியைக் கூட்டும். வலி வாரக்கணக்கில் நீடிக்கிற பிள்ளையிடம் இடுப்பைப் பற்றிக் கேட்ட கையோடு, "ஸ்கூல்ல எப்படிப் போகுது?" என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் வலி பொய் என்று ஆகிவிடாது. வலியை உணர்வது மூளை. களைத்துப்போய், பயந்துபோய் இருக்கிற மூளை அதைப் பெரிதாகவே உணரும்.

இந்தக் கட்டத்தில் பல பெற்றோர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். எல்லோருக்கும் அது நல்லதில்லை. டென்மார்க்கில் 13 வயதுப் பிள்ளைகள் 439 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டிஸ்க்கில் தேய்மானத்தின் அடையாளம் தெரிந்தது. நோயாளிகளாகப் பொறுக்கி எடுத்த பிள்ளைகள் அல்ல அவர்கள். அதாவது ரிப்போர்ட்டில் ஏதாவது எழுதியிருக்கத்தான் செய்யும், அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. "டிஸ்க் தேஞ்சுபோச்சு" என்று ஒரு பிள்ளையின் காதில் விழுந்துவிட்டால், அது குனியவே பயப்படத் தொடங்கும். அந்தப் பயம் வலியைவிட நீண்ட நாள் நிற்கும். தேவையில்லாத ஸ்கேனால் வருகிற இந்தக் கெடுதலை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ஸ்கேன் கட்டாயம் வேண்டிய பிள்ளை ஒன்று உண்டு. அது விளையாடுகிற பிள்ளை, அதிலும் வேகப்பந்து வீசுகிறவன்.

இடுப்பு எலும்பு ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வலமும் இடமுமாக ஒரு மெல்லிய பாலம் இருக்கிறது. உடம்பைப் பின்னால் வளைத்துத் திருப்பும்போது அழுத்தம் அந்தப் பாலத்தில்தான் விழும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் விரிசல் விடுவதுபோல, ஆயிரக்கணக்கான பந்துகளுக்குப் பிறகு அங்கே கீறல் விழுகிறது. பெரும்பாலும் கடைசி எலும்பான ஐந்தாவதில் வரும், வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நான்காவதிலும் வரும். வலது கையால் வீசுகிறவனுக்கு இடது பக்கம் விழுவதுதான் அதிகம். வாலிபாலில் ஸ்மாஷ் அடிக்கிறவர்கள், ஈட்டி எறிகிறவர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கும் இது வரும்.

இது எவ்வளவு பெரிய ஆட்களையும் விட்டதில்லை. ஆஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973இல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் இடுப்பு எலும்புக் கீறல்களோடு திரும்பினார். பிளாஸ்டர் போட்டுக் கிடந்து, உடற்பயிற்சியால் படிப்படியாகத் தேறி, 1974-75 ஆஷஸ் தொடரில் மறுபடி மிரட்டினார். அவர்தான் 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். அந்த வலியை உடம்பில் அனுபவித்த ஒருவர் நம் ஊர்ப் பையன்களுக்கு ஆசானாக வந்தது பெரிய வாய்ப்பு. அதே ஆஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011 நவம்பரில் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்டநாயகன் ஆனார். அடுத்த டெஸ்டை ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் பெரும்பகுதியைத் தின்றது முதுகு எலும்புக் கீறல்தான். உலகத்தரமான மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தவருக்கே அந்தக் கதி.

நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். வார நாளில் பள்ளி அணி, சாயங்காலம் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட். மூன்று இடத்திலும் அவன்தான் முதல் ஓவர். ஒவ்வொரு கோச்சுக்கும் தன்னிடம் வீசிய ஓவர் மட்டுமே தெரியும். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க ஆளே இல்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா வாரியங்கள் சிறுவர்கள் ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று வயதுவாரியாக வரம்பு வைத்திருக்கின்றன. வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு, வலைப்பயிற்சியையும் சேர்த்து, அன்றன்று வீசிய பந்துகளை எழுதி வைப்பது நம்மால் முடிகிற காரியம். அந்த எண்ணிக்கை ஒரே வாரத்தில் திடீரென்று எகிறினால் அதுதான் ஆபத்தான வாரம்.

வலி ஒரு பக்கமாக இருக்கிறது, பின்னால் வளைந்தால் கூடுகிறது, வீசும்போது சுருக்கென்று பிடிக்கிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது. இப்படி ஒரு விளையாட்டுப் பிள்ளை இரண்டு மூன்று வாரம் சொன்னால் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் பிடிபடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் விளையாட்டை நிறுத்தி மூன்று மாத அளவில் எலும்பைக் கூட விட்டு, பிறகு பிசியோ பார்வையில் சிறிது சிறிதாகத் திரும்பலாம். டோர்னமென்ட் முடியட்டும் என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீசுவதுதான் மூன்று மாதத்தை மூன்று வருஷமாக்கும்.

விளையாடாத பிள்ளைக்கும் சில அறிகுறிகள் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிற வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது. காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, முதுகெலும்பிலும் வரும். உலகிலேயே காசநோயாளிகள் அதிகமுள்ள நாடு இந்தியா என்பதால் இதை மனதில் வைக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்கு மருந்து இலவசம். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு இறுகிக் கிடந்து, நடமாட நடமாடச் சரியானால் அது மூட்டுவாத வகையாக இருக்கலாம். கால் பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இவை எதுவும் இல்லையென்றால் படுக்க வைக்காதீர்கள். ஓரிரு நாள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஒத்தடம் சுகமாக இருக்கும், தைலம் தடவுவதிலும் தப்பில்லை. இடுப்புப் பட்டையை மாதக்கணக்கில் கட்டி வைக்க வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது, முழங்கையை ஊன்றி உடம்பை நேராகப் பிடித்து நிற்பது போன்ற எளிய பயிற்சிகளே போதும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னபடி, 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது அது தசையையும் எலும்பையும் வலுப்படுத்துவதாக இருக்க வேண்டும். கபடி, சிலம்பம், கயிறு தாண்டுவது, சைக்கிளில் பள்ளிக்குப் போவது எதுவானாலும் சரி.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயசுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்துகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. எலும்பு முற்றுகிற அதே ஆண்டுகளில் அவர்களை வீட்டுக்குள் உட்கார வைக்கிறோம். மாதவிலக்கு நாள்களில் அடிவயிற்றோடு இடுப்பும் வலிப்பது உண்டு. பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு மாதாமாதம் வலித்தால் பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மற்ற நாள்களில் அவளும் ஓடட்டும், குதிக்கட்டும், பந்தடிக்கட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் பேசி முடித்ததும், இன்னொன்றும் கேளுங்கள். டைம்டேபிளில் பி.டி. என்று போட்டிருக்கிற பீரியடில் பிள்ளைகள் மைதானத்துக்குப் போகிறார்களா, அல்லது அதில் கணக்குப் பாடம் நடக்கிறதா? ஒன்பதாம் வகுப்புக்கு மேலும் அது தொடர்கிறதா? பெண்பிள்ளைகளும் அதில் விளையாடுகிறார்களா? பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் பள்ளி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.