அச்சுக்குக் கீழே ஒரு லாந்தர்

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில், பஞ்செட்டியைத் தாண்டிக் கவரைப்பேட்டைக்கு முன்னால் வருகிற புதுவாயல் கூட்டுரோட்டில், ஆடி மாதத்துச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு விதமான பிரயாணிகள் கண்ணில் படுவார்கள். ஒரு வகையினர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளுக்குச் சரக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்புகாலில் ஏற்றிப்போகச் சரக்கு கிடைக்கும்வரை சாலையோரத்து மண்தரையில் லாரியை ஒதுக்கி நிறுத்தி, அதன் நிழலில் சமைத்து அதன் கேபினுக்குள்ளேயே உறங்குகிறவர்கள். மற்ற வகையினர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டைப் பக்கங்களிலிருந்து குட்டியானையிலும் வேனிலும் அண்டா குண்டான், அரிசி மூட்டை, ஆடு, கோழி, பாட்டி, பேரன் சகிதமாக வந்து, இங்கே மேற்கே திரும்பிப் பெரியபாளையத்துப் பவானி அம்மன் சந்நிதிக்குப் போகிறவர்கள். முன்னவர்க்கு வாகனம் பிழைப்பு. பின்னவர்க்கு அது ஓர் இரவு, இரண்டு இரவுகளுக்கு வீடு. இரு சாராரும் வண்டியை நிறுத்தியவுடன் முதற்காரியமாகச் செய்வது ஒரு விளக்கை ஏற்றுவதுதான். அந்த விளக்கைப் பற்றித்தான் இக்கட்டுரை.

‘கேரவன்’ என்றால் நம்மவருக்குச் சினிமா நட்சத்திரம் ஒப்பனை செய்துகொள்ளும் குளுகுளு வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ, சமையலறையும் கட்டிலும் குளியலறையும் கொண்ட வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் இரவில் தங்குவதற்கென்று மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் உள்ள முகாம்கள் நாடெங்கும் இருக்கின்றன. நம் பக்கத்தில் கேரள அரசு 2021ஆம் ஆண்டில் இவ்வகைப் பயணத்துக்கென்று ஒரு கொள்கையை வகுத்து, வாகமண்ணில் முகாம் ஒன்று திறக்கவும் வழி செய்தது. ஆனால் இதையெல்லாம் புதுமை என்று எண்ணுவது நம் பழமையை அறியாத பேச்சு. நெய்தல் நிலத்து உப்பை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு உள்நாடெங்கும் அலைந்த உமணர்களைச் சங்க நூல்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்துவிட்டால் என்ன செய்வது என்று வண்டியின் அடியில் அவர்கள் ஒரு மாற்று அச்சைக் கட்டிவைப்பார்களாம். அந்தச் சேம அச்சை ஔவையார் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் உவமையாகவே எடுத்தாண்டிருக்கிறார். நான் அறிந்தவரையில், சக்கரத்தின்மேல் குடித்தனம் நடத்திய முதல் தமிழர்கள் அவர்கள்தாம்.

உமணர் போய், மண்ணெண்ணெய் வந்து, ஊருக்கு ஊர் வண்டிப்பேட்டைகள் நிறைந்த காலத்திலும் மாட்டுவண்டியின் அடிப்பக்கம் வெறுமையாக இருந்ததில்லை. அங்கே ஒரு லாந்தர் தொங்கியது. ‘அரிக்கேன் விளக்கு’ என்று கிராமத்தார் சொல்லும் அதை வண்டிக்காரர் ஏன் தம் தலைக்கு மேலே கட்டாமல் அச்சுக்குக் கீழே கட்டினார் என்று சிறு வயதில் நான் யோசித்ததே கிடையாது. வைக்கோல் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு என்று யாரோ சொல்லக் கேட்டு அதோடு விட்டுவிட்டேன். அந்தக் காரணமும் சரிதான். ஆனால் அது காரணத்தில் கால்பங்குதான். அச்சுக்குக் கீழே தொங்கும் விளக்கின் ஒளி மாட்டின் குளம்பிலும் சக்கரத்தின் தடத்திலும் விழும். பின்னால் வருகிறவனுக்கு முன்னே ஒரு வண்டி போகிறது என்பதை ஆடி ஆடி அறிவிக்கும். மேலே நுகத்தடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனின் கண்ணில் மட்டும் ஒரு துளியும் படாது. அவன் இருட்டிலேயே இருப்பான். இருட்டிலே இருந்ததனால்தான் அவனுக்குத் தொலைவு தெரிந்தது.

இது வேடிக்கைப் பேச்சன்று. நம் விழித்திரையில் இரண்டு விதமான உணர்செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் பகல் வெளிச்சத்துக்கும் நிறங்களுக்கும் உரியவை. கோல் செல்கள் மங்கிய ஒளிக்கு உரியவை. கோல் செல்களில் ரோடாப்சின் என்றொரு பொருள் இருக்கிறது. பலமான ஒளி பட்டால் அது சிதைந்துபோய், மறுபடி இருட்டில்தான் மெல்ல மெல்ல ஊறிச் சேர்கிறது. கூம்புகள் பத்து நிமிஷத்துக்குள் தேறிவிடும். கோல்களுக்கு இருபது முப்பது நிமிஷமாவது வேண்டும். ஆகவே இரவில் ஒருவர் முகத்துக்கு நேரே ஒரு விநாடி வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறவர், அவர் அரைமணி நேரம் பொறுமையாகச் சேமித்த பார்வையை ஒரே விநாடியில் செலவழித்துவிடுகிறார். சிவப்பு ஒளி கோல் செல்களை அவ்வளவாகப் பாதிக்காது. வானியல் அறிஞர்கள் தொலைநோக்கி அருகே சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சை வைத்துக்கொள்வதன் காரணம் இதுவே.

வண்டிப்பேட்டைக்காரர் இந்தச் சாஸ்திரத்தைப் படித்தவரல்லர். அவர் அறிந்ததெல்லாம், விளக்கு என்பது செய்ய வேண்டிய காரியத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது. இதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒளி, தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்காகவும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைகிற சுபாவமுடையது. சோற்றுப் பானைக்கு இரண்டடி மேலே தொங்குகிற ஐந்து வாட் பல்பு, அதே ஜாதியைச் சேர்ந்த ஐம்பது வாட் பல்பைப் பதினைந்தடிக் கம்பத்தில் கட்டினால் கிடைப்பதைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வெளிச்சத்தை அந்தப் பானைக்குத் தரும். கம்பத்து விளக்கு தன் பெரும்பொருளைப் பக்கத்துக் குடும்பத்தாரின் கண்ணுக்கும், மரத்தில் அடைந்த காக்கைக்கும், ஆகாயத்துக்கும் தானம் பண்ணிவிடுகிறது. கேட்காதவர்க்குச் செய்யும் தானம்.

இன்று புதுவாயல் முனையில் நின்று பார்த்தால் இந்தத் தானத்துக்குக் குறைவில்லை. தெற்கே சென்னையின் ஒளிமூட்டம், வடக்கே சிப்காட்டின் ஒளிமூட்டம், நடுவே நெடுஞ்சாலையின் உயர்கம்ப விளக்குகள். அமாவாசையன்றும் ஆகாயம் சாம்பல் நிறமாகவே இருக்கிறது. இது போதாதென்று, நூறு இருநூறு ரூபாய்க்குக் கடைகளில் மலிந்துவிட்ட எல்இடி ஃபோகஸ் லைட்டுகளை லாரியின் நெற்றியிலும் வேனின் கூரையிலும் ஆளுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பழைய இழைப் பல்பின் ஒளி 2,700 கெல்வின் அளவில் மஞ்சளித்து இருக்கும். இந்த விளக்குகளில் பல ‘கூல் டேலைட்’ என்ற பெயரில் 6,500 கெல்வின் அளவில் நீலம் பாரித்து எரிகின்றன. உறக்கத்துக்கு நம்மைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற சுரப்பைத் தடுப்பதில் நீலம் கலந்த ஒளியே வல்லது என்பதனால், பக்கத்து வண்டிக்காரர் புரண்டு புரண்டு படுப்பதற்கு அவருடைய மனக்கவலையைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

லாரி ஓட்டுநர்களை இந்த விஷயத்தில் நான் அதிகம் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கென்று எழுதாத ஒரு சம்பிரதாயம் இருக்கிறது; அது நம் கார்க்காரர்களின் நாகரிகத்தைக் காட்டிலும் பழுத்தது. எதிரே வண்டி வந்தால் ‘டிப்’ அடிப்பது, முந்திப்போன வண்டி முழுதும் கடந்ததும் விளக்கை ஒருமுறை வெட்டி ‘வா, இடது பக்கம் சேர்ந்துகொள்’ என்று அறிவிப்பது, நிறுத்துமிடத்தில் நுழையும்போதே முகப்பு விளக்கை அணைத்துப் பார்க்கிங் விளக்கில் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். கேபினுக்குள் சாமி படத்துக்கு முன்னால் எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றே போதும் என்று படுத்துவிடுகிறவர்கள் அவர்கள். முன்னாளில் முகப்பு விளக்கின் கண்ணாடி நடுவே கறுப்புப் பொட்டு ஒன்று வைப்பார்கள். திருஷ்டிப் பொட்டு என்று குழந்தைகளாகிய நாங்கள் நினைத்துக்கொள்வோம்; எதிரே வருகிறவரின் கண் கூசாதிருக்க வைத்தது அது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், விளக்குக்கு எட்டு மீட்டர் முன்னால் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்ணுள்ள ஒருவரைக் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்றே ஒரு விதி உண்டு. ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு மனிதரின் கண்மட்டம். வண்டிக்காரரின் லாந்தருக்கு இந்த விதியை எழுதிக் காட்டவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. டீசல் திருட்டுக்கும் தார்ப்பாய்த் திருட்டுக்கும் பயந்து முன்பக்கத்தில் பட்டப்பகலைப் போல் விளக்கெரிக்கிற லாரியின் பின்பக்கத்தைப் போய்ப் பாருங்கள். சிவப்பு விளக்கு ஒன்றும் எரியாது, ஒளி திருப்பும் நாடாவும் சேறு பூசிக் கிடக்கும். சாலையோரத்தில் இருளோடு இருளாக நின்ற லாரியின் பின்னால் மோதி மாண்டவர்களின் செய்தி வாரந்தோறும் பத்திரிகையில் வருகிறது. விளக்கு இருந்தே தீரவேண்டிய ஒரே இடத்தில் இருள். இருக்கவேண்டாத இடத்திலெல்லாம் ஜோதி! திருடனைப் பற்றியும் ஒரு வார்த்தை: கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்துக்கு அருகில் நிழல் மிகவும் கறுத்துப்போகிறது, அந்த நிழல்தான் திருடனுக்கு வேண்டியது. ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு இரவெல்லாம் எரிகிற விளக்கைவிட நல்ல காவலாள். இந்த யோசனையை டீக்கடையில் ஓர் ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “சார், நாய் நடந்தாலும் எரியும், அப்பறம் நான் எங்க தூங்கறது?” என்றார். நியாயமான கேள்வி, என்னிடம் விடையில்லை.

அமெரிக்க முகாம்களில் அடுத்தவர் விளக்கால் வரும் தொல்லை பெரிய வழக்காகவே வளர்ந்திருக்கிறது. அங்குள்ள தேசியப் பூங்காக்களின் முகாம்கள் பலவற்றில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். ஜெனரேட்டர் கூடாது, கூச்சல் கூடாது. ஆனால் ஒலிக்கு இருக்கிற இந்தக் கண்டிப்பு ஒளிக்கு எல்லா இடத்திலும் கிடையாது. வாசலுக்கு மேலே எரியும் திண்ணை விளக்கை விடியும்வரை அணைக்காமல் தூங்கிவிடுகிறவர்களைப் பற்றியும், பந்தலைச் சுற்றி நிறநிறமாகச் சர விளக்கு கட்டுகிறவர்களைப் பற்றியும் அங்கே அக்கம்பக்கத்தார் புலம்பாத நாளில்லை. யூட்டா மாகாணத்தில் இயற்கைப் பாறைப் பாலங்கள் நிறைந்த ஒரு பூங்கா 2007ஆம் ஆண்டில் உலகின் முதல் இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்ற பின்னர், இருளும் காப்பாற்றவேண்டிய ஒரு செல்வம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. நம் நாட்டில், லடாக்கின் ஹான்லே வான்நோக்கு நிலையத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022ஆம் ஆண்டு இருள்வானக் காப்பகமாக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தார் ஜன்னலுக்குக் கனத்த திரை போடுகிறார்கள், இரவில் வருகிற வாகனங்கள் விளக்கைத் தாழ்த்திச் செல்கின்றன. தமிழ்நாட்டிலும், ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. நகர வெளிச்சத்துக்கு எட்டாத காடு என்பதற்காகவே தேர்ந்தெடுத்த இடம் அது.

மனிதருக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்பதில்லை. புதுவாயலுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்தால் வங்கக் கடல். நம் கடற்கரைகளில் தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். குஞ்சுகள் இரவில் வெளிவந்து, எந்தப் பக்கம் அடிவானம் வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் கடல் என்று நம்பி நடக்கும். கரைமேல் விளக்கெரிந்தால் ஊரைப் பார்த்து நடந்து சாகும். சென்னைக் கரையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் குழு ஒன்று இரவெல்லாம் மணலில் நடந்து அம்முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது.

சென்ற ஆடியில் நானும் உறவினர் குடும்பத்தோடு பெரியபாளையத்தில் ஓர் இரவு தங்கினேன். ஆரணியாற்றங்கரைப் பக்கம் வண்டிகள் நெருங்கி நின்றன. மூன்று கல் அடுப்புகளின் புகை, வேப்பிலை வாசனை, எங்கோ பம்பைச் சத்தம். அடுத்த வண்டி ஒரு குட்டியானை. அதன் கூரைக் கம்பியில் ஓர் இளைஞன் ஃபோகஸ் லைட்டைக் கட்டி, அதை நேர்மட்டமாகத் திருப்பிவைத்திருந்தான். அந்தப் பக்கத்தில் நாலைந்து குடும்பத்தாரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருந்தோமேயொழிய, ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓர் இரவுதானே என்ற தாட்சண்யம். கடைசியில் மடியில் பேத்தியைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவிதான் கேட்டாள்.

“தம்பி, கொழந்த தூங்கமாட்டேங்குது. அந்த லைட்டைக் கொஞ்சம் கீழ பாக்கத் திருப்பேன்பா.”

“பாம்பு கீம்பு வந்துடப் போவுதுன்னுதான் ஆயா போட்டேன்.”

“பாம்பு என்னா ஆகாசத்துலயா வரப்போவுது? தரையில காட்டு.”

அவன் சற்று வெட்கத்தோடு ஏறி விளக்கை அவிழ்த்தான். எங்கே கட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்து, வண்டியின் பின்புறத்தில் தொட்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே முகம் தரையைப் பார்க்கும்படியாகத் தொங்கவிட்டான். வண்டியைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு மண்ணும் சருகும் கோழிக்கூடையும் தெளிவாகத் தெரிந்தன. அதற்கப்பால் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புளியமரங்களின் விளிம்பும், கரையின் மேடும், தலைக்கு மேலே எண்ணிவிடக்கூடிய அளவில் சில நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. குழந்தை தூங்கிவிட்டது. கிழவி அதை மெதுவாகக் கீழே இறக்கிப் போட்டுவிட்டு, வண்டியின் அடியில் ஆடுகிற விளக்கைச் சிறிது நேரம் பார்த்தாள்.

“எங்கப்பாரு வண்டியிலயும் அங்கதான் தொங்கும்” என்றாள். பிறகு முந்தானையை உதறிப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.