இயற்பியல் மாணவரும் சிக்கல் தீர்க்கும் திறனும்

இயற்பியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவரிடம் உறவினர் முதலில் கேட்பது, "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்பதே. பூச்சோங் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய்மொழியில் இடைநிலைக் கல்வி பயின்று, ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் நம் மாணவர்க்கு இக்கேள்வி பெருஞ்சுமையாகிறது. இதற்கான விடை, சிக்கலைத் தீர்க்கும் திறனில் அடங்கியுள்ளது.

அத்திறனின் முதற்படி மொழியே. 'மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற லோரி, பிரேக் பிடித்தபின் சீராக வேகங்குறைந்து 50 மீட்டரில் நின்றது. அதன் எதிர்முடுக்கம் யாது?' என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். சூத்திரம் தேடுமுன் சொற்களைப் பகுத்துப் பார்த்தல் வேண்டும். 'நின்றது' என்னும் வினைமுற்று, இறுதி வேகம் சுழியம் என்று அறிவிக்கிறது. 'சீராக' என்னும் சொல், எதிர்முடுக்கம் மாறாதது என்கிறது. தொடக்க வேகம் வினாடிக்கு 20 மீட்டர். அதன் வர்க்கமாகிய 400ஐத் தொலைவின் இருமடங்காகிய 100ஆல் வகுத்தால், எதிர்முடுக்கம் வினாடிக்கு வினாடி 4 மீட்டர் என வரும். இங்கே நின்றுவிடாமல், 'வேகம் இருமடங்கானால்?' என்று வினவும் மாணவர், நிற்கும் தொலைவு நான்கு மடங்காகி 200 மீட்டர் ஆவதைக் காண்பார். விடையைக் கடந்து வினவுவதே இரண்டாம் படி.

மூன்றாம் படி, ஓரிடத்தில் கற்ற கருவியை வேறோரிடத்தில் பயன்படுத்துதல். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1928இல் சென்னைக்கு வந்த செருமானிய அறிஞர் சொம்மர்ஃபெல்டைச் சந்தித்தார். தாம் கற்ற அணுக்கொள்கை பழையதாகிவிட்டதை அவர்வழி அறிந்தார். சோர்ந்துவிடாமல், உலோகங்களின் எலக்ட்ரான்களுக்குப் பயன்பட்ட புதிய புள்ளியியலைத் தாமே கற்றார். பட்டம் பெறுமுன்னரே ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டார். 1930இல், 19 வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே அக்கருவியைச் சார்பியலோடு இணைத்து, வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணித்தார். அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படுகிறது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாரும் சந்திரசேகர் ஆவதில்லை. ஆயினும் இப்பழக்கங்கள் எல்லார்க்கும் உரியன. அளவீட்டோடு அதன் பிழையெல்லையையும் குறித்தல், கணினி நிரல் எழுதுதல், முடிவைப் பிறர்க்கு விளங்க எழுதுதல் ஆகியவற்றை ஆய்வகத்தில் பழகியவர்க்கு, பினாங்கின் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுகளிலும் பணிவாய்ப்பு உண்டு. மருத்துவ இயற்பியல் போன்ற துறைகளுக்கு மேற்படிப்பும் வேண்டும்.

ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம்: கணக்கைத் தீர்க்குமுன், 'இவ்வினா என்ன சொல்கிறது?' என்று மாணவரைத் தம் சொற்களில் விளக்கச் செய்யலாம். வினாவைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் பாதிவழி கடந்தவராவார்.