காசநோயும் உடலின் காவலரும்



வாவிக்கரைக் கிராமமொன்றில் ஒரு மாணவனின் தந்தைக்குக் காசநோய் கண்டது. வீட்டாரைச் சோதித்தபோது, மகனின் கையில் ரியூபக்குளின் ஊசி இட்ட இடம் தடித்து வீங்கிற்று. மார்புப் படத்தில் குறையில்லை, இருமலுமில்லை. ஆயினும், அவனருகே அமர ஏனைய பிள்ளைகளைப் பெற்றோர் விட்டாரல்லர். அத்தடிப்பு நோயன்று என உணர்த்த நான் பட்ட பாடு சிறிதன்று.

அஃது யாது? நம் குருதியிலுள்ள வெண்கலங்களில் ஒருவகை, ரி-கலங்கள். முன்பு கண்ட பகையை அவை மீண்டும் இனங்கண்டு அங்கே திரண்டதன் அடையாளமே அது. பிறந்தவுடன் இடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியாலும் சில வேளை அவ்வாறு தடிப்பதுண்டு.

மூச்சோடு நுரையீரலை அடையும் காசநோய்க் கிருமியைப் பெருவிழுங்கிக் கலங்கள் விழுங்கிவிடுகின்றன. விந்தை யாதெனில், விழுங்கப்பட்ட கிருமி சாவதில்லை. அங்கேயே குடியிருந்து பெருகுகின்றது. இவ்விடத்திற்றான் சீடீ-4 எனும் ரி-கலங்கள் தேவைப்படுகின்றன. நம் வயல்களில் வட்டை விதானை பிறர் வயலில் மண்வெட்டி பிடிப்பதில்லை. ஆனால், அவர் சொல்லின்றி வேலை நடவாது. அவரைப்போல், இக்கலங்கள் காமா இன்ரபெரோன் என்னும் பொருளைச் சுரந்து பெருவிழுங்கிகளைத் தூண்டுகின்றன. தூண்டப்பெற்றவை கிருமியைக் கொல்லும். இயலாவிடின், பிற கலங்களோடு சூழ்ந்து சிறைப்படுத்தும். சீடீ-8 என்னும் வேறொருவகைக் கலங்களோ கிருமி குடிகொண்ட கலத்தையே அழிக்க வல்லவை. எச்.ஐ.வி. தொற்றினால் சீடீ-4 கலங்கள் குறைந்தோரைக் காசநோய் எளிதிற் பற்றுவது, அவற்றின் இன்றியமையாமைக்குச் சான்று.

கிருமி தொற்றியோரில் வாழ்நாளில் நோயுறுபவர் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே. சிறைப்பட்ட கிருமி பிறருக்குப் பரவுவதில்லை.

எனினும், இனங்காணுதல் வேறு, வெல்லுதல் வேறு. தமிழ்நாட்டின் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கிய பெருஞ்சோதனையில், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு பி.சி.ஜி. அல்லது மருந்தற்ற ஊசி இடப்பட்டது. தடுப்பூசி பெற்றோர் பலரின் தோல் தடித்தது; ஆனால், வளர்ந்தோரின் நுரையீரற் காசநோயை அது தடுக்கவில்லை என 1979 இல் முடிவு வெளியாயிற்று. எந்த ரி-கலம், எத்துணை அளவில், எவ்விடத்திற் செயற்பட்டால் வெற்றி என்னும் வினா இன்னும் ஆராயப்படுகின்றது. குழந்தைகளின் மூளையுறைக் காசநோயைத் தடுப்பதால் அத்தடுப்பூசி இலங்கையில் இன்றும் இடப்படுகின்றது.

அம்மாணவன் மருத்துவர் கொடுத்த தடுப்பு மாத்திரைகளைச் சில திங்கள் உட்கொண்டான். பள்ளிக்கு ஒருநாளேனும் வராதிருக்க அவர் சொல்லவில்லை.