மேல்மாடிப் பெண்ணின் மறுபக்கம்



வழக்கொன்றில் ஒரு பக்கத்தார் மட்டும் பேசி, மற்றப் பக்கத்தார் வாய் திறவாமலே தீர்ப்பு வழங்கப்படுமாயின், அதனை நாம் நீதியென ஏற்பதில்லை. ஆயின், கதை படிக்கும் வேளையில் இத்தகைய தீர்ப்புக்குப் பலமுறை உடன்பட்டுவிடுகின்றோம். கதைத் தலைவிக்குத் தடையாக நிற்கும் இன்னொருத்திக்கும் ஒரு கதை இருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ணிய ஓர் எழுத்தாளரின் நாவலைப் பற்றியே இன்று கூற விழைகின்றேன்.

சார்லட் புரொன்ரே அம்மையார் 1847 ஆம் ஆண்டில் வெளியிட்ட "ஜேன் அயர்", ஆங்கில நாவல்களுட் பெரும் புகழ் பெற்றது. பெற்றோரை இழந்த ஜேன், தோண்பீல்ட் மாளிகையில் ஆசிரியையாக அமர்ந்து, அதன் உரிமையாளரான றொச்செஸ்ரரின் அன்பைப் பெறுகிறாள். திருமண நாளன்று உண்மை வெளிப்படுகிறது. அவருடைய மனைவி பேர்தா, பித்துப் பிடித்தவளாய், அம்மாளிகையின் மேல்மாடியிலேயே அடைத்துவைக்கப்பட்டிருக்கிறாள். யமெய்க்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அவளுடைய வரலாற்றைக் கணவனின் வாய்மொழியாகவே நாம் அறிகின்றோம். அவளுடைய சிரிப்பும் உறுமலும் நமக்குக் கேட்கின்றன; தன் கதையைச் சொல்ல அவளுக்கு இடமில்லை. இறுதியில் அவள் மாளிகைக்குத் தீயிட்டுக் கூரையிலிருந்து குதித்து மடிகிறாள். ஜேனுடைய வாழ்வுக்கு வழி பிறக்கிறது.

இந்தப் பேர்தாவைத் தலைவியாக்கி, ஜீன் றீஸ் அம்மையார் 1966 ஆம் ஆண்டில் "வைட் சர்காசோ சீ" என்னும் நாவலை வெளியிட்டார். அவர் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டொமினிக்காவில் 1890 இற் பிறந்து, பதினாறாம் வயதில் இங்கிலாந்து சென்றவர். 1939 இன் பின் நூலெதுவும் வெளியிடாது மறக்கப்பட்டிருந்த அவரை, 1957 இல் பி.பி.சி. வானொலி அவரது பழைய நாவலொன்றை நாடகமாக ஒலிபரப்பி உலகுக்கு நினைவூட்டியது. புதிய நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபத்தாறு.

பழைய கதையிற் பேர்தாவின் நடுப்பெயர் அன்ரொனெற்றா. றீஸ் அம்மையார் அதனையே எடுத்து, தம் தலைவிக்கு அன்ரொனெற் என்று பெயரிட்டார். பேர்தா என்பது, பின்னர் கணவன் தன் விருப்பப்படி அவளை அழைத்த பெயராகிறது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறிய பின், நலிந்துபோன தோட்ட முதலாளி குடும்பமொன்றில் அவள் வளர்கிறாள். விடுதலை பெற்றோர் அக்குடும்பத்தை வெறுக்கின்றனர். செல்வமுள்ள வெள்ளையரோ இகழ்கின்றனர். வீடு தீக்கிரையாகிறது; தம்பி இறக்கிறான்; தாய் மனம் பேதலிக்கிறாள். பின்னர் முப்பதினாயிரம் பவுண் சீதனத்துடன் அவள் ஓர் ஆங்கிலேயனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்படுகிறாள். அக்கால ஆங்கிலச் சட்டப்படி, மணமானதும் மனைவியின் பணம் கணவனுடையதாயிற்று. அவன் தன்னை வெறுத்தபோது, விலகிச் சென்று வாழ அவளிடம் பொருளில்லை. சீதனம் என்ற சொல்லை நன்கறிந்த நமக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை.

ஆசிரியர் பழிக்குப் பழி வாங்கினாரா? இல்லை. நாவலின் இரண்டாம் பகுதியிற் பெரும்பாகத்தைக் கணவனே கூறுகிறான். இளைய மகனாய்ப் பிறந்ததாற் சொத்தின்றி, தந்தையின் பண ஆசைக்காக அறியாத் தீவொன்றில் மணம் புரிந்த அவனது அச்சத்தையும் ஐயத்தையும் நாம் காண்கின்றோம். பேர்தாவுக்கு முன்னர் மறுக்கப்பட்ட உரிமையை அவர் அவனுக்கு மறுக்கவில்லை. பித்துப் பிடித்ததால் அவள் அடைக்கப்பட்டாளா, அடைக்கப்பட்டதாற் பித்துப் பிடித்ததா என்னும் வினாவையே நம் முன் வைக்கிறார்.

சர்காசோ என்பது அத்திலாந்திக் மாகடலின் நடுவே, கரையில்லாது, பாசி மிதக்கும் கடற்பரப்பு. தன் தீவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் எதற்கும் உரியவளாகாது நின்ற பெண்ணின் கதைக்கு அது பொருத்தமான பெயரன்றோ?

சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகளாகச் சிறிதே தோன்றும் மணிமேகலை, சாத்தனார் காப்பியத்தின் தலைவியானதை அறிந்த நமக்கு இம்முறை புதியதன்று. கிளைக்கதை நன்கு அமையுமாயின் மூலக்கதை சிறுமையடைவதில்லை. நாம் அதனைப் படிக்கும் முறையே மாறுகிறது. "ஜேன் அயர்" நாவலை மீண்டும் படித்துப் பாருங்கள். மேல்மாடியிலிருந்து அந்தச் சிரிப்பொலி எழும்போது, முன்னர் ஜேனுக்காக மட்டும் அஞ்சிய நெஞ்சம், சிரிப்பவளுக்காகவும் வருந்தும்.